படத் தகராறும் ஒரு கொடிக்கயிறும்: மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு

இயேசு, புனிதர்களின் படங்களை வைத்து வணங்கலாமா என்று எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசில் நடந்ததுதான் படத் தகராறு. ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை, உருவங்களை வணங்காதே என்று சொல்லும் பத்துக் கட்டளையிலிருந்து தொடங்காதீர்கள். "அப்ப நாம சுரூபத்தை (சிலையை) கும்பிடுறது தப்பா சார்?" என்ற கேள்வியிலேயே மணி அடித்துவிடும். கொடிக்கயிற்றிலிருந்து தொடங்குங்கள்.

6 மீட்டர் கயிறு, 9 கிளிப், அட்டைகள். ஆண்டுக்கு ஒரு செ.மீ. ஆயர்கள் கூடிக் கோட்பாடுகளை முடிவுசெய்த ஏழு பொதுச் சங்கங்களையும் மாட்டுங்கள். நிசேயா (325) பூஜ்யத்தில். கான்ஸ்டான்டிநோபிள் (381) 56இல், எபேசு (431) 106இல், கால்சிதோன் (451) 126இல், மறுபடி கான்ஸ்டான்டிநோபிள் 228இலும் (553) 355இலும் (680), இரண்டாம் நிசேயா (787) 462இல். கடைசி கிளிப் படத் தகராறு முடிந்த 843க்கு, 518இல்.

கால்சிதோனில் பத்து நிமிடம் நில்லுங்கள். கிறிஸ்து ஒரே ஆள், இரண்டு இயல்புகள், கலப்பும் இல்லை, பிரிவும் இல்லை. இது பதியாவிட்டால் படத் தகராறு வெறும் அரண்மனைச் சண்டையாகத் தெரியும். 754இல் கான்ஸ்டான்டிநோபிள் அருகே ஹீரியாவில் கூடிய, படங்களை எதிர்த்த 338 ஆயர்கள் இதையே ஆயுதமாக்கினார்கள்: மனித இயல்பை மட்டும் வரைந்தால் கிறிஸ்துவைப் பிரிக்கிறாய், இரண்டையும் வரைந்தேன் என்றால் கலக்கிறாய். அதற்கு முன்பே தமஸ்கு யோவான் என்ற துறவி பதில் எழுதிவிட்டார்: கண்ணால் காணும்படி உடலெடுத்தவரை வரையலாம். முஸ்லிம் கலீபாவின் ஆட்சியில் வாழ்ந்ததால், படங்களைத் தடைசெய்த பைசாந்தியப் பேரரசரின் கை அவர்மேல் படவில்லை.

ஹீரியா தன்னையே ஏழாம் சங்கம் என்று சொல்லிக்கொண்டது. பிள்ளைகள் எட்டு எண்ணிவிடுவார்கள். திருத்தந்தையின் தூதரும் இல்லை, முதுபெரும் தந்தையர் (பழம்பெரும் தலைமைச் சபைகளின் ஆயர்கள்) ஒருவரும் இல்லை. அந்த அட்டையை 429இல் தலைகீழாக மாட்டுங்கள்.

787இன் தீர்ப்புக்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: ஆராதனை கடவுளுக்கு மட்டும்; படத்துக்கு வணக்கம், அதுவும் படத்தில் இருப்பவரைச் சேரும். 'கும்பிடுதல்' என்றால் இரண்டும் குழம்பும். அந்தத் தீர்ப்பின் லத்தீன் மொழிபெயர்ப்பு அப்படித்தான் சொதப்பியது. படத்துக்கும் ஆராதனையா என்று 794இல் பிராங்க்பர்ட்டில் கூடிய ஆயர்கள் கொதித்தெழுந்தார்கள்.

பிறகு வகுப்பைப் புதுச்சேரியின் பேராலயமான சம்பா கோயிலுக்குள் அழைத்துப் போங்கள். மாதா சுரூபத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவரைப் பார்க்கட்டும், பிறகு கிறிஸ்துவின் உடலாக நாம் ஆராதிக்கும் அப்பம் வைத்திருக்கும் நற்கருணைப் பேழையை. "ரெண்டு இடத்துலயும் முழந்தாள் போடுறாங்களே?" என்று ஒருவன் கேட்பான். நல்ல கேள்வி. உடம்பின் அசைவு ஒன்றாக இருக்கலாம். சங்கம் பிரித்தது உள்நோக்கத்தை. அன்றைய சண்டை பெரும்பாலும் வரைந்த படங்களைப் பற்றியது, சுரூபங்களைப் பற்றியல்ல என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

787க்குப் பின் கடைசி கிளிப் வரை 56 செ.மீ. கயிறு மிச்சம். 815இல் தடை திரும்பியது. 843இல் அரசி தியோடோராவின் ஆட்சியில்தான் நீங்கியது. ஆர்த்தடாக்ஸ் சபையார் அதைத் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று இன்றும் கொண்டாடுகிறார்கள். பாடத்தையும் அந்த ஞாயிறுக்கே வைத்துக்கொள்ளலாம்.