எம்ஜிபி கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்ப்பதும் ஊற்றுவதும்

என்னிடம் இருப்பது 1971-ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர், திறந்த கூரை கொண்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நாலு கியருக்கும் சிங்க்ரோ (பற்கள் உரசாமல் கியர் மாற உதவும் ரிங் அமைப்பு) உண்டு, பின்னால் லேகாக் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்ற விடும் கூடுதல் கியர்) சேர்ந்திருக்கிறது. இந்த வண்டியை வாங்குகிறவர்கள் இன்ஜின் ஆயிலை வாரம் தவறாமல் பார்ப்பார்கள். கியர்பாக்ஸை மட்டும் சத்தம் வரும்வரை மறந்துவிடுவார்கள். சத்தம் வந்த பிறகு ஆயில் ஊற்றினால் தேய்ந்த பல் திரும்ப வளராது. அதனால் மாதம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

முதலில் எந்த ஆயில் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 'கியர்பாக்ஸ்தானே, கியர் ஆயில் ஊற்றுவோம்' என்று கை தானாகப் போகும். எம்ஜிபி கையேடு சொல்வது இன்ஜின் ஆயிலை. நான் ஊற்றுவது 20டபிள்யூ-50 என்ற கெட்டி எண் கொண்ட இன்ஜின் ஆயில். பின்அச்சுக்குத்தான் இபி 90 என்ற கியர் ஆயில். கியர் ஆயில் டப்பாவில் 90 என்று இருப்பதைப் பார்த்து அது இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 80டபிள்யூ-90 கியர் ஆயிலும் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே பதம்தான். வித்தியாசம் உள்ளே கலந்திருக்கும் மருந்தில் இருக்கிறது. பின்அச்சுக்கான ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் ரகத்தில் கந்தகச் சேர்மானம் அதிகம், அதில் சில வகைகள் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கும். ஓவர்டிரைவுக்கும் அது ஆகாது. கியர்பாக்ஸில் இருக்கும் அதே ஆயிலைத்தான் ஓவர்டிரைவ் பம்ப் செய்து, அந்த அழுத்தத்தில் கூம்பு கிளட்சை நகர்த்துகிறது. அந்தக் கிளட்ச் உராய்வை நம்பிப் பிடிப்பது. வழுக்கலைக் கூட்டும் எந்தச் சேர்மானமும் அதற்கு எதிரி.

நான் வாங்கியபோது என் வண்டியில் யாரோ பின்அச்சு ஆயிலைத்தான் ஊற்றியிருந்தார்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவியதும் அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை. அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. முழுக்க வடித்து, 20டபிள்யூ-50 ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினேன். இரண்டாவது தடவைக்குப் பிறகுதான் ஓவர்டிரைவ் தயங்காமல் பிடித்தது.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் ஓடிய வண்டி என்றால் இன்ஜினை அணைத்து கால் மணி நேரம் விடுங்கள், மேலே தெறித்த ஆயில் கீழே இறங்கட்டும். கியர் லிவருக்கு முன்பக்கம், இரண்டு இருக்கைக்கும் நடுவே தரையில் ஓடும் சுரங்க மேட்டின் மேல் கார்பெட்டைத் தூக்கினால் ஒரு ரப்பர் மூடி தெரியும். அதைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் துணியால் துடைத்துவிடுங்கள். கார்பெட் மண் உள்ளே விழுந்தால் அது நேராகப் பற்களுக்கு நடுவே போகும். மூடிக்குக் கீழேதான் டிப்ஸ்டிக். உருவி, துடைத்து, முழுக்க அழுத்திச் செருகி, திரும்ப உருவிப் பாருங்கள்.

அளவைப் பார்த்ததும் துடைத்துவிடாதீர்கள். நுனியில் இருக்கும் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பொன்துகள் மாதிரி மினுக்கினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. லேசான மினுக்கம் வயதான கியர்பாக்ஸில் இருக்கத்தான் செய்யும். நறநறவென்று விரலில் தட்டுப்பட்டால் ஆயில் ஊற்றி மழுப்பாமல் வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

குறைவாக இருந்தால் அதே துளையில்தான் ஊற்ற வேண்டும். நீளமான டியூப் மாட்டிய சின்னப் புனல் போதும். நூறு மில்லி ஊற்றி, ஐந்து நிமிஷம் பொறுத்து, பாருங்கள். மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். அதிகமான ஆயில் முன்பக்கமாகக் கசிந்து இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள கிளட்சை நனைத்தால், அதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டியிருக்கும். முழுக்க வடித்து மாற்றினீர்கள் என்றால் இன்னொரு விஷயம்: கொஞ்ச தூரம் ஓவர்டிரைவ் போட்டு ஓட்டிவிட்டு மறுபடி அளவு பாருங்கள். ஓவர்டிரைவுக்குள் ஆயில் நிரம்பியதும் அளவு இறங்கும்.

எழுபதுகளின் பிற்பகுதி வண்டிகளில் டிப்ஸ்டிக் கிடையாது, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் துளையை அடைக்கும் பிளக் இருக்கும். அதற்கு வண்டியைத் தூக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு பொய் சொல்லும். நாலு மூலையிலும் ஸ்டாண்டு கொடுத்து மட்டமாக நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் நின்றால் சரியான அளவு, சுண்டு விரலை விட்டால் தெரியும். வடிக்கப் போகிறீர்கள் என்றால் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றிப் பார்த்துவிடுங்கள். அது இறுகிக் கிடந்து, கீழ் பிளக்கை நீங்கள் ஏற்கனவே திறந்திருந்தால், வண்டி காலிப் பெட்டியோடு அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

முடிந்ததும் ரப்பர் மூடியை விளிம்பு முழுக்க உட்காரும்படி அழுத்துங்கள். சரியாக உட்காராவிட்டால் அனலும் ஆயில் வாடையும் காலடியில் ஏறும். எத்தனை மில்லி ஊற்றினேன், அன்று மீட்டரில் எவ்வளவு கிலோமீட்டர் என்று ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். போன மாதம் நூறு, இந்த மாதம் இருநூறு என்று வந்தால், அடுத்த வேலை கசிவு எங்கே என்று தேடுவது.