அசிஸ்டென்ட் கோச் ஹெட் கோச் ஆகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெங்களூர் அல்சூரில் ஒரு டீக்கடை வாசலில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவனைப் பார்த்தேன். ஓசூர் ரோடு பக்கம் ஒரு காலேஜில் ஐந்து வருடம் கூடைப்பந்து அசிஸ்டென்ட் கோச்சாக இருந்தவன், இந்த வருடம் ஹெட் கோச் ஆகியிருக்கிறான். மனசு நிறைந்து வாழ்த்தினேன். அடுத்து அவன் சொன்னதைக் கேட்டதும் கையில் இருந்த டீ இறங்கவில்லை. "அண்ணா, அசிஸ்டென்ட் யாரும் வேண்டாம்னு மேனேஜ்மென்ட்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு வேலையையும் நானே பாத்துக்கறேன்."

இதே வார்த்தைகளை நானும் ஒரு பிரின்சிபால் முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்குக் கிரவுண்டுக்கு வா, ரெஃப்ரியோடு சண்டை போடாதே, பிட்னஸைக் கவனி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ரெண்டு வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது

அசிஸ்டென்டாக இருந்த ஏழு வருடமும் என் கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யாருக்கு எத்தனை ஃபவுல், இந்தக் குவார்ட்டரில் டீம் ஃபவுல் எத்தனை, டைம் அவுட் எத்தனை பாக்கி, எல்லாம் அதில் இருக்கும். நான்கு டீம் ஃபவுல் ஆனதும் ஹெட் கோச் சார் காதில் சொல்வேன், ஐந்தாவதிலிருந்து எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதால் பையன்களை அவர் அடக்கி ஆடச் சொல்வார். ஆட்டம் கை நழுவுவது போலத் தெரிந்தால் "சார், டைம் அவுட்?" என்று கேட்பேன். அவர் ஒரு நொடி யோசித்து சரி என்பார், இல்லை வேண்டாம் என்பார். முடிவு அவருடையது, அதை ஞாபகப்படுத்துவது என் வேலை.

ஹெட் கோச் ஆன முதல் வருடம் அசிஸ்டென்ட் நாற்காலியைக் காலியாகவே விட்டேன். காலேஜுக்குச் சம்பளம் மிச்சம், எனக்கும் நல்ல பெயர் என்று நினைத்தேன். நோட்டு என் கையிலேயே இருந்தது.

இன்டர் காலேஜ் அரையிறுதி. மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது ஒன்பது பாயின்ட் முன்னால் இருந்தோம். நான்காவது தொடங்கியதும் எதிர் டீம் மேன் டு மேனை விட்டுவிட்டு 2-3 ஜோனுக்குப் போய்விட்டது. இதில் ஆளுக்கு ஆள் துரத்த மாட்டார்கள், முன்னால் இரண்டு பேர், கூடைக்குப் பக்கத்தில் மூன்று பேர் என்று இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் ஸ்கிரீன் போட்டு, அதாவது துரத்துகிறவனுக்குக் குறுக்கே நின்று, ஒருவனை விடுவிக்கும் நம் பிளே எல்லாம் அங்கே வீண். பந்தை ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நடுவில் ஒருவனிடம் கொடுத்து, அவன் திரும்பி மூலைக்குத் தட்டிவிட வேண்டும். பயிற்சியில் நூறு தடவை செய்திருக்கிறோம். ஆனால் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தால்தானே பையன்கள் மாற்றுவார்கள்? நான் தலையைக் குனிந்து அவர்களுடைய ஏழாம் நம்பரின் மூன்றாவது ஃபவுலை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் அதற்குள் இரண்டு பொசெஷன் போயிருக்கும். என்ன நடந்தது என்று புரிவதற்குள் அடுத்த ஃபவுல், மறுபடி குனிவேன்.

கடிகாரம் 2:00 காட்டியபோது எங்கள் முன்னிலை ஒரே ஒரு பாயின்ட். இரண்டாவது பாதிக்கு உண்டான மூன்று டைம் அவுட்டும் அப்படியே இருந்தன. சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்படி நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. டேபிளில் ஸ்கோரர் எங்கள் பக்கத்து முதல் கட்டத்தில் இரண்டு கோடு இழுத்ததைப் பார்த்தேன். ஒரு டைம் அவுட் எடுக்காமலேயே போனது. ஏழு வருடம் இன்னொருவர் காதில் "டைம் அவுட்?" என்று சொல்லியே பழகியவன் நான். என் காதில் சொல்ல அன்று யாரும் இல்லை.

இரண்டு பாயின்டில் தோற்றோம். பையன்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற பையன், வந்து நின்றான். ஃபைனல் இயர். இந்தப் போட்டிகளில் கண்ணில் பட்டால்தான் யுனிவர்சிட்டி டீம், அங்கிருந்து தென்மண்டலப் போட்டி. அவனுக்கு அதுதான் கடைசி வருடம். கோபமே இல்லாத குரலில் சொன்னான்: "அண்ணா, மூணு தடவை உங்களைப் பாத்தேன். நீங்க எழுதிட்டு இருந்தீங்க."

ஆட்கள் வந்து போகிறார்கள், ஆனால் புதிதாக ஹெட் கோச் ஆகிற ஒவ்வொருவரும் அதே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நன்றாகத் தெரிந்த வேலையைக் கை விடாது, புது வேலை பயமாக இருக்கிறது, அதனால் பழையதற்குள் போய் ஒளிந்துகொள்கிறோம். எனக்கு நடந்தது அதுதான்.

சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லையா, முழங்காலில் அடிபட்டு ஆட முடியாத ஒரு பழைய மாணவனைக் கூப்பிடுங்கள். நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டு மூன்று விஷயம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: டீம் ஃபவுல் நான்கு ஆனால், டைம் அவுட் கணக்கு, எதிர் டீம் டிஃபென்ஸ் மாறினால். ஆட்டத்துக்கு 40 நிமிடம் முன்னால் கொடுக்கும் பட்டியலிலேயே ஃபர்ஸ்ட் அசிஸ்டென்ட் கோச் என்று அவன் பெயரை எழுதிவிடுங்கள். ஹெட் கோச்சும் ஃபர்ஸ்ட் அசிஸ்டென்டும் மட்டும்தான் டேபிளில் டைம் அவுட் கேட்க முடியும். அந்த இடம் காலியாக இருந்து உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கேப்டன் பையன் ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருக்க வேண்டிவரும். இருபது வயதுப் பையன் தலையில் அதை ஏற்றாதீர்கள்.

பழைய கோச் வைத்ததை ஒரே வாரத்தில் கலைப்பது

நாற்காலி கிடைத்ததும் எல்லாவற்றையும் மாற்றிக் காட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். அவசரப்படத் தேவையில்லை. அமெரிக்கக் காலேஜ் ஆட்டத்தில் பில் கத்ரிஜ் என்று ஒருவர் இருந்தார். வட கரோலினா யுனிவர்சிட்டியில் ஹெட் கோச் டீன் ஸ்மித்துக்கு 30 வருடம் அசிஸ்டென்டாக இருந்துவிட்டு 1997-ல் பொறுப்புக்கு வந்தார். ஹெட் கோச்சாக இருந்தது மூன்றே சீசன், அதில் இரண்டு தடவை டீமைத் தேசியப் போட்டியின் கடைசி நான்குக்குக் கொண்டு போனார். டாம் இஸ்ஸோவும் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் அசிஸ்டென்டாக இருந்து 1995-ல் ஹெட் கோச் ஆனவர்தான். முதல் இரண்டு சீசனில் அவர் டீம் என்சிஏஏ என்ற அந்தத் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை, 2000-ல் பட்டம் வென்றது. நம் ஊர் காலேஜ்களில் இரண்டு தோல்விக்கே நாற்காலி ஆடும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் முதல் சீசனில் ஒன்றிரண்டு விஷயம் மட்டும் மாற்றுங்கள், பையன்களுக்குப் பழகிய பிளேக்களின் பெயரைக்கூட மாற்றாதீர்கள்.

அண்ணாவாகவே இருந்துவிடுவது

அசிஸ்டென்டிடம் பையன்கள் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். வீட்டுப் பிரச்சினை, அரியர், காதல், "சார் என்னை ஏன் இறக்க மாட்டேங்கறார்" என்பது வரை. அந்தப் பாசம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஹெட் கோச் ஆன பிறகு தோளில் கை போட்டு "அடுத்த மேட்ச்ல உனக்குப் பத்து நிமிஷம்டா" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டால் அது வாக்கு. ஆட்டம் இழுபறியாகப் போய் இறக்க முடியாமல் போனால், அவன் வார்ம் அப் ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருப்பதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிமிடக் கணக்கை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இறக்காத பையனிடம் மட்டும், அன்றே, பஸ் ஏறுவதற்கு முன்னால், காரணத்தை நேரில் சொல்லிவிடுங்கள்.

தமிழில் கத்துவது

இது பெங்களூரில் இருக்கிற நம் ஆட்களுக்கு. ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் பையன்கள் டீமில் இருந்தால் வாயில் தமிழ்தான் முதலில் வரும். பக்கத்தில் சிக்மகளூர் பையனும் மணிப்பூர் பையனும் நிற்பார்கள். நீங்கள் "ஹெல்ப்புக்குப் போடா" என்று கத்தினால் இரண்டு பேருக்குப் புரியும், மூன்று பேர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். டிஃபென்ஸ் அதோடு உடையும். அதைவிடப் பெரிது, ஹெட் கோச்சுக்குத் தன் ஆள் என்று சிலர் இருக்கிறார்கள் என்ற எண்ணம் டீமுக்குள் வந்துவிடும். கூப்பிட வேண்டிய வார்த்தைகளைச் சீசன் தொடங்கும்போதே எல்லோருக்கும் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு முடிவு செய்துகொள்ளுங்கள். கன்னடமும் கற்றுக்கொள்ளுங்கள். பையன்களின் அப்பா அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், இனி அது உங்கள் வேலை.

பெஞ்சைக் கவனிக்காமல் விடுவது

பெஞ்சில் யார் வாய்விட்டாலும் டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்காகக் கொடுக்கிற ஃபவுல், உங்கள் பெயரில்தான் ஏறும்.

ஸ்கோர்ஷீட்டில் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் நீட்டுவார்கள். பன்னிரண்டு பெயரையும் ஜெர்சி நம்பரையும் விரல் வைத்துப் படித்துவிட்டுப் போடுங்கள்.