பிற நிறுவனத்தில் கண்ட தலைமைத்துவ ஆய்வு முடிவு நமக்குப் பொருந்துமா? சோதித்தறியும் முறை

முடிவெடுப்பதில் பணியாளர்களைப் பங்கேற்கச் செய்தால் மாற்றத்துக்கான எதிர்ப்பு குறையும், உற்பத்தியும் உயரும் என்பது மேலாளர் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் பாடம். அதன் முக்கிய வேர்களில் ஒன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து மரியன் ஊரிலிருந்த ஹார்வுட் பைஜாமா ஆலையில் லெஸ்டர் கோச்சும் ஜான் ஃப்ரெஞ்சும் நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வாகும். இத்தகைய முடிவொன்றை உங்கள் அலுவலகத்துக்கோ ஆலைக்கோ கொண்டுவருமுன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை, பெரும்பாலும் இந்த ஒரே ஆய்வை வைத்தே விளக்குகிறேன்.

முதலில், முடிவைப் பொதுவாக்கிச் சொல்லும் வாசகத்தை ஒதுக்கிவிட்டு, அங்கே நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள். ஹார்வுட் ஆலையில் பீஸ் ரேட் முறையில், அதாவது செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்ப, கூலி பெற்றவர்களின் வேலைமுறை சிறிதளவு மாற்றப்பட்டது. 18 பேர் கொண்ட ஒரு குழுவிடம், சந்தைப் போட்டியால் மாற்றம் தேவைப்படுகிறது, புதிய ரேட் நிர்ணயிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்து, அந்த ரேட்டை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். முதல் 40 நாட்களில் அக்குழுவில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டு நின்றனர். புதிய முறையை வகுப்பதில் அனைவருமே பங்கேற்ற வேறு இரு குழுக்களில் ஒருவரும் விலகவில்லை; அவர்களுடைய உற்பத்தி, மாற்றத்துக்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 14 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அந்த இரண்டிலும் இருந்தவர்கள் முறையே 8 பேரும் 7 பேரும்தான். வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் இந்த எண்கள் உதிர்ந்துவிடுகின்றன.

அடுத்து, 'பங்கேற்பு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை செயல்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பங்கேற்ற குழுவினரின் கூட்டத்தில் பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு ஆடைகள் வைக்கப்பட்டன. ஒன்று 1946இல் தைக்கப்பட்டது, மற்றது 1947இல்; முன்னது பின்னதைப்போல் இரு மடங்கு விலைக்கு விற்றது. எது மலிவானது என்று கேட்டபோது எவராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் கண்ணெதிரே விளங்கிவிட்டது. முதல் குழுவுக்கு இந்த விளக்கம் கிடைக்கவே இல்லை. அப்படியானால் பலன் தந்தது பங்கேற்பா, தெளிவான விளக்கமா? 1981இல் பார்ட்லெம், லாக் என்ற ஆய்வாளர்கள், குழுக்களிடையே பங்கேற்பைத் தவிர வேறு வேறுபாடுகளும் இருந்தன என்று சுட்டிக்காட்டினர். உங்களிடம் குறைவாக இருப்பது விளக்கமே என்றால், குழு அமைத்து மாதக்கணக்கில் கூடிப் பேசுவதற்குப் பதில் அப்படி இரண்டு ஆடைகளைக் காட்டுவதே போதுமானதாக இருக்கலாம்.

மூன்றாவது வேலையே மிக முக்கியமானது என்பது என் கருத்து: அங்கே பலனளித்த காரணம் இங்கேயும் இருக்கிறதா என்று பார்ப்பது. ஃப்ரெஞ்ச் வேறிருவருடன் சேர்ந்து நார்வேயின் ஒரு காலணி ஆலையில் இதையே சோதித்து 1960இல் முடிவை வெளியிட்டபோது, உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அங்குள்ள தொழிலாளர்கள் தங்கள் சார்பில் பேசும் முறையான வழியாகத் தொழிற்சங்கத்தைக் கருதியதையும், அவர்களிடம் விடப்பட்ட முடிவுகள் உற்பத்தியோடு நெருங்கிய தொடர்பற்றவையாக இருந்ததையும் ஆய்வாளர்களே காரணங்களாகக் கருதினர். ஆகவே, உங்கள் பணியாளர்கள் எந்த முடிவைத் தங்கள் உரிமை என்று நினைக்கிறார்கள், எதை 'அது மேனேஜர் வேலை' என்று ஒதுக்குகிறார்கள், யார் மூலம் பேசிப் பழகியிருக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். மனிதவளத் துறையின் ஊகம் இதற்குப் போதாது.

அளவிட்டது எதை என்பதையும் பார்க்க வேண்டும். தலைமைத்துவ ஆய்வுகள் பலவற்றில், தலைவருக்கு மதிப்பெண் இடுபவரே தம் பணி மனநிறைவுக்கும் மதிப்பெண் இடுகிறார்; மேலாளரைப் பிடித்தவருக்கு வேலையும் பிடித்திருப்பதில் வியப்பில்லை. பல நாடுகளின் தலைமைத்துவத்தை ஒப்பிட்டு, 2004இல் நூலாக வெளிவந்த குளோப் (GLOBE) ஆய்வு, 62 சமூகங்களில் 951 நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 17,000 பேரிடம் திரட்டிய தரவைக் கொண்டது. நம்பகத்தன்மையும் தொலைநோக்கும் எங்கும் விரும்பப்படுவதாக அது காட்டியது. எனினும் பதிலளித்தவர்கள் நிதி, உணவுப் பதனீடு, தொலைத்தொடர்பு ஆகிய மூன்று துறைகளின் இடைநிலை மேலாளர்கள். சிறந்த தலைவரைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த எண்ணமே அங்கே பதிவானது. ஒரு மருத்துவமனையின் செவிலியர் பிரிவுக்கு இதை அப்படியே பொருத்துவது அவசரம்.

இவ்வளவுக்கும் பிறகு முடிவு பொருந்தும் என்று தோன்றினால், ஒத்த தன்மையுள்ள இரண்டு பிரிவுகளில் ஒன்றில் மட்டும் தொடங்குங்கள். விடுப்பு, விலகல், பிழை, உற்பத்தி ஆகியவற்றின் முந்தைய சில மாதப் பதிவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எந்த அளவு மாறினால் பலன் என்று கொள்வது என்பதையும் தொடங்குமுன்னரே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வந்த எண்ணையே வெற்றி என்று அழைக்கத் தோன்றும். பின்னர் ஹார்வுட் ஆய்வாளர்கள் செய்ததைச் செய்யுங்கள்: அறிவிப்பை மட்டுமே கேட்ட முதல் குழுவில் எஞ்சிய 13 பேரை, ஏறத்தாழ இரண்டரை மாதங்களுக்குப் பின் வேறு வேலைக்கு மாற்றியபோது, இம்முறை அவர்களையும் முழுமையாகப் பங்கேற்கச் செய்தார்கள். அதே ஆட்கள் விரைவில் பழைய உற்பத்தி அளவை எட்டி, அதைத் தாண்டியும் சென்றனர், விலகல் ஏற்படவில்லை. ஒப்பீட்டுக்காக விட்டுவைத்த உங்கள் இரண்டாவது பிரிவிலும் சில மாதங்கள் கழித்து அதே முறையைப் புகுத்தி, அங்கும் எண்கள் அவ்வாறே நகர்கின்றனவா என்று பாருங்கள்.