வீட்டுக்குள் பார்பிக்யூ: ஸ்லோ குக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்து அடுக்குமாடிகளில் மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. பால்கனி துணி காயப்போடவே பத்தாது. கரி மூட்டி, பல மணி நேரம் பக்கத்திலேயே நின்று கறி சுட முடியாத வீடுகளுக்கு, குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கர் நல்ல வழி. ஆனால் அந்தப் பாத்திரம் செய்வது ஒரே வேலை: கறியை மெத்தென்று ஆக்கும். ஈரம் நிறைந்த அதன் உள்ளே சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி மேலே நன்றாகச் சிவந்து முறுக, காய்ந்த மேற்பரப்பும் 140 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டும். முறுகலையும் புகைவாசத்தையும் நாம்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். பாத்திரமே எல்லாம் செய்துவிடும் என்று விட்டால், வருவது பார்பிக்யூ இல்லை, இனிப்பான குழம்பு.

முதல் தவறு கறிக்கடையிலேயே நடக்கிறது. ஒன்றும் சொல்லாமல் நின்றால் கடைக்காரர் குழம்புக்குத்தான் வெட்டுவார். சின்னத் துண்டுகள் சீக்கிரமே வெந்து, மீதி நேரம் முழுக்கச் சாற்றை இழந்து நார்நாராகிவிடும். எலும்புச் சில்லும் கலந்துவிடும். "வெட்டாதீங்கண்ணா, முழுசாவே கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு கிலோ என்றால் ஒரே துண்டு, அல்லது இரண்டு.

"கொழுப்பில்லாம தனிக்கறியா போடுங்க" என்று கேட்பதும் இங்கே உதவாது. மாட்டுக்கறியில் நெஞ்சுப்பகுதி, ஆட்டில் முன்சப்பை அல்லது கழுத்து, பன்றியில் தோள்பட்டை, கோழியில் தொடை ஆகியவைதான் பொருத்தம். இவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற இணைப்புத் திசு, 70 டிகிரிக்கு மேல் மெதுவாகவும் 80ஐத் தாண்டினால் வேகமாகவும் ஜெலட்டினாக இளகும். வாயில் வழுவழுவென்று இருப்பது அதுதான். அண்டர்கட் என்ற மெல்லிய இடுப்புக் கறியிலும் கோழி நெஞ்சிலும் இளகுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் வறண்டுதான் போகும். காசிமேட்டு வஞ்சிரத்தைத் தோசைக்கல்லுக்கே விட்டுவிடுங்கள்.

பப்பாளிக்காய் அரைத்துத் தடவ வேண்டாம். கரியில் சீக்கிரம் சுடும் கறிக்கு அது உதவும். எட்டு மணி நேரம் வேகும் கறியை அது கூழாக்கிவிடும். ஒரு கிலோவுக்குத் தூள் உப்பு 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை 1 மேசைக்கரண்டி போதும். தடவி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம்ம ஊர் வெயிலில் மேடையிலேயே ஊறவிடக் கூடாது.

அதிகம் பேர் சறுக்குவது தண்ணீரில்தான். கறி மூழ்கும் அளவுக்கு ஊற்றுவது குழம்புக்கான பழக்கம். ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே விழுகிறது, கறியும் தன் எடையில் கால் பங்குக்கு மேல் சாறு விடும். ஒரு கிலோவுக்கு 100 மில்லி தண்ணீரும் 2 மேசைக்கரண்டி வினிகரும் தாராளம். அடியில் தடிமனாக நறுக்கிய இரண்டு வெங்காயம், அதன்மேல் கறி. நீர் வற்றாத இடத்தில் இஞ்சி பூண்டின் பச்சை வாசமும் போகாது. அதனால் விழுதைக் கடாயில் வதக்கிச் சேருங்கள். அதே கடாயில் கறியைப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சிவக்க விட்டால் பாதி ருசி அங்கேயே வந்துவிடும். நாட்டுச்சர்க்கரை சீக்கிரம் தீயும், கவனம்.

பாத்திரம் பாதிக்குக் குறையாமல், முக்காலைத் தாண்டாமல் இருக்கட்டும். மாட்டு நெஞ்சுக்கறி 'லோ'வில் (குறைந்த சூட்டு நிலை) 8 முதல் 10 மணி நேரம், கோழித்தொடை 4 மணி நேரம். மூடியைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் இழந்த சூடு திரும்ப 20 நிமிடமாவது ஆகும். கடிகாரத்தைவிட வெப்பமானி நம்பகமானது. நடுவில் குத்தினால் 93 முதல் 95 டிகிரி காட்ட வேண்டும், முள்கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும். 80 டிகிரியில் கறி வெந்திருக்கும், ஆனாலும் ரப்பர் போலவே இருக்கும். கெட்டுவிட்டது என்று நினைத்து அப்போது நிறுத்துவதுதான் பெரிய இழப்பு.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை உறைந்தபடியே போடாதீர்கள். 5க்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், உறைந்த கறி அந்த இடைவெளியில் நெடுநேரம் கிடக்கும். டைமர் வைத்து மதியம் ஆரம்பிக்கும்படி பச்சைக்கறியைக் காலையிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போவதும் அதே ஆபத்து. வெளியே போன நேரத்தில் கரண்ட் போய், எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், மனம் வராவிட்டாலும் அந்தக் கறியைக் கொட்டிவிடுங்கள்.

இனி புகை. வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் உயிரைப் பறிக்கும். ஸ்மோக்ட் பாப்ரிகா (புகையில் உலர்த்திய மிளகாயின் தூள்) 2 தேக்கரண்டி மசாலாவில் சேர்ப்பது பாதுகாப்பான வழி. புகைவாசம் ஏற்றிய திரவமான லிக்விட் ஸ்மோக் என்றால் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் கசக்கும். ஒரே ஒரு கரித்துண்டு போடுவதானால் ஜன்னலை எல்லாம் திறந்து, கேஸ் தீயில் சிவக்க விட்டு, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, கறி இருக்கும் அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும். எடுத்த கரியை உடனே தண்ணீரில் போட்டு அணையுங்கள்.

சாஸை ஆரம்பத்திலேயே ஊற்றினால் கறிச்சாற்றில் நீர்த்துப் போகும். கறியைத் தனியே எடுத்து இருபது நிமிடம் ஆறவிட்டுப் பெரிய இழைகளாகப் பிரியுங்கள். சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை அகற்றி, கடாயில் பாதியாகச் சுண்டவிட்டு, தக்காளி கெச்சப் ஒரு கப், வெல்லம் 2 மேசைக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பிரித்த கறியில் பாதி சாஸைப் பிசறி, ஓடிஜி (வீட்டு மின்சார அவன்) கிரில்லில் 220 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம். ஓடிஜி இல்லாத வீட்டில் இரும்புத் தோசைக்கல்லே போதும்: சுக்கா வறுப்பதுபோல் நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஓரம் கருகத் தொடங்கும்வரை கிளறாமல் விடுங்கள். கல்லில் ஒரேயடியாகக் கொட்டினால் நீர் விட்டு மறுபடி வேகத்தான் செய்யும். மீதி சாஸைப் பரிமாறும்போது ஊற்றலாம். பன்னுக்குள் வைத்தாலும் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொண்டாலும் சரிதான்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் சூடாக்க ஸ்லோ குக்கர் வேண்டாம், கடாயில் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.