வகுத்தல் குறிக்கு முன்னால் பங்கு போடப் பழக்குவோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். "12 கொட்டையை மூன்று பேருக்குப் பங்கு போடு" என்றால் மட்டும் முழிப்பார்கள். அதனால் நோட்டை மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள்.

தேவையானவை

மூன்று தட்டு, பன்னிரண்டு ரப்பர் கொட்டை. இங்கே பல தோட்டங்களில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். கொட்டை கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை போதும். பச்சை ரப்பர் கொட்டையில் நச்சு உண்டு, எதையும் வாயில் வைக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் வேண்டாம். சில்லறையும் வேண்டாம்: இருபது காசு நாணயத்தை ஒன்று என்பதா, இருபது என்பதா என்று பிள்ளை குழம்பும்.

படி 1: ஆளுக்கு ஒன்று

தட்டுகளுக்கு அக்கா, தம்பி, பாட்டி என்று பெயர் வையுங்கள். "சண்டை வராமல் பங்கு போடு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் அள்ளிப் போட்டுவிட்டு அப்புறம் சரிசெய்வார்கள், போகட்டும். பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிப் போடும் வழியைக் காட்டுங்கள்.

படி 2: சுற்றை எண்ணுதல்

இங்கே அவசரமே கூடாது. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் நிறுத்தி, "மிச்சம் எத்தனை?" என்று கேளுங்கள். 12, 9, 6, 3, கடைசியில் 0. சுற்றுக்கு மூன்று கொட்டை போகிறது, நான்கு சுற்றில் தீர்கிறது. நான்கு சுற்று வந்ததால்தான் ஆளுக்கு நான்கு. இதைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு நாள் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "12 கொட்டையை மும்மூன்றாகப் பொட்டலம் கட்டினால் எத்தனை பொட்டலம்?" ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே (கடலை, பயறு நொறுக்குத்தீனி) பொட்டலம் தெரிந்த பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். முன்பு ஆள் கணக்கு தெரியும், பங்கு தெரியாது. இப்போது பங்கு தெரியும், எத்தனை பங்கு என்பதுதான் தெரியாது. விடை இரண்டுக்கும் நான்கு என்பதால் பெரியவர்கள் ஒன்றாகப் பார்க்கிறோம். பிள்ளையின் கைக்கு இவை இரண்டு வேலை.

படி 3: மீதி

13 கொட்டை கொடுங்கள். மிஞ்சும் ஒன்றைப் பாட்டி தட்டில் போடலாம் என்பார்கள். பாசம் சரி, பங்கு சமமாகாதே! அதைத் தட்டுக்கு வெளியே வைத்து "மீதி 1" என்று சொல்லச் சொல்லுங்கள். 14, 15 என்று கூட்டிக்கொண்டே போங்கள். 15-இல் மீதி காணாமல் போகும். "மூன்று தட்டு இருக்கும்போது மீதி ஏன் 3 ஆகாது?" என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருங்கள்.

படி 4: குறி

இப்போது 12 ÷ 3 = 4 என்று எழுதி, எது கொட்டை, எது தட்டு, எது பங்கு என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். யார் கண்டுபிடித்த குறி என்று கேட்டால், சுவிட்சர்லாந்துக்காரர் யோஹான் ரான் 1659-இல் தம் இயற்கணித நூலில் இதை வகுத்தலுக்குப் பயன்படுத்தினார் என்று சொல்லலாம்.

மேலும் பழக

வீட்டில் ஏழு குழிச் சோங்காக் (பல்லாங்குழி போன்ற மலாய் விளையாட்டு) பலகை இருந்தால் இரண்டு வரிசைக்கும் சேர்த்து 14 குழி, 98 குண்டு. பெரிய பிள்ளையிடம், போடுவதற்கு முன்பே குழிக்கு எத்தனை வரும் என்று கேளுங்கள். சின்னவர்களுக்கு ஒரு வரிசையும் 21 குண்டும் போதும்.