இரண்டாம் உலகப் போரைச் சொல்லும்போது நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

இரண்டாம் உலகப் போர் பற்றி யாரைக் கேட்டாலும் கையில் ஒரு கதை தயாராக இருக்கும். ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தார், பிரான்ஸ் ஆறு வாரத்தில் விழுந்தது, ரஷ்யப் பனி ஜெர்மானியர்களை விறைக்க வைத்தது, ஜப்பான் பெர்ல் ஹார்பரில் குண்டு போட்டது, அமெரிக்கா வந்தது, அணுகுண்டு விழுந்தது, முடிந்தது. எனக்கும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் வந்து சேர்ந்தது. இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் இந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால், யார் எங்கே ஏன் நின்றுபோனார்கள் என்பது கடைசிவரை புரியாது.

வரைபடங்களும் இதற்கு ஒரு காரணம். அம்புக்குறி படை போன திசையைக் காட்டும். அந்தப் படைக்குப் பின்னால் வந்த, அல்லது வராமல் போன பெட்ரோலையும் ரொட்டியையும் பீரங்கிக் குண்டையும் காட்டாது. நான் பார்த்தவரை, கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் வரும் பிழைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

தேதியில் தடுக்கி விழுவது

போர் 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது என்று எழுதுவது ஐரோப்பாவுக்குச் சரி. சீனாவில் 1937 ஜூலையிலேயே, பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் நடந்த மோதலோடு ஜப்பானுடனான முழுப்போர் தொடங்கிவிட்டது. ஷாங்காயும் நான்ஜிங்கும் விழுந்தபோது போலந்து அமைதியாக இருந்தது.

இதைவிட அதிகமாக வரும் பிழை 1941 டிசம்பரில். "ஜப்பான் முதலில் பெர்ல் ஹார்பரைத் தாக்கியது, மறுநாள் மலாயாவில் இறங்கியது" என்று எழுதுகிறார்கள். தேதியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும்: பெர்ல் ஹார்பர் இருக்கும் ஹவாயில் டிசம்பர் 7, மலாயாவில் டிசம்பர் 8. நடுவில் சர்வதேச தேதிக்கோடு இருப்பதை மறந்துவிடுகிறோம். மலாயாவின் கிழக்குக் கரையில், கோத்தா பாரு கடற்கரையில், நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே ஜப்பானியர் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் ஹவாயில் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு முதல் குண்டு விழுந்தது. பசிபிக் போரின் முதல் அடியை வாங்கியவர்கள் அமெரிக்க மாலுமிகள் அல்ல. கோத்தா பாரு மணலில் முள்கம்பிக்குப் பின்னால் காவலிருந்த இந்தியச் சிப்பாய்கள், டோக்ரா ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள்.

இந்த முன்பின் ஏன் முக்கியம்? ஜப்பான் போருக்குப் புறப்பட்டது எண்ணெய்க்காக. தனக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதியை அது அமெரிக்காவிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. 1941 ஆகஸ்டில் அமெரிக்கா குழாயை மூடியது. மாற்று எண்ணெய் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருந்தது. அங்கே போகும் வழியில் மலாயா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ். பெர்ல் ஹார்பர் அந்தத் தெற்குப் பயணத்துக்குப் பக்கவாட்டில் போட்ட தடுப்பு. அதையே தலைவாசலாக நினைத்துக்கொண்டால் பிறகு நடந்த எதுவும் பிடிபடாது.

தேதி பற்றிப் பேசும்போது நம்மூர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடலாம். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. அது முதல் உலகப் போர். 1942 ஏப்ரலில் ஜப்பானியருக்குப் பயந்து சென்னையில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்தது வேறு கதை. தாத்தா காலத்துப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடும், கட்டுரையில் ஆகக்கூடாது.

இரும்புப் படை என்ற மயக்கம்

போலந்துக் குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு டாங்கிகள் மேல் பாய்ந்தது என்ற கதையை விட்டுவிடுங்கள். கிரோயான்ட்டி என்ற இடத்தில் அவர்கள் பாய்ந்தது ஜெர்மன் காலாட்படை மேல். அப்புறம் கவச வண்டிகள் வந்து சுட்டன. பிற்பாடு அந்த இடத்தைப் பார்க்க வந்த பத்திரிகையாளர்கள் மூலமாகக் கதை வளர்ந்தது.

இதன் மறுபக்கம்தான் பெரிய பிழை: ஜெர்மன் படை முழுக்க இயந்திரமயம் என்று நினைப்பது. 1940 மேயில் பிரான்ஸ் நோக்கிக் கிளம்பிய சுமார் 135 டிவிஷன்களில் (டிவிஷன் என்றால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கொண்ட பெரிய படை) டாங்கி டிவிஷன்கள் 10 மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோர் நடந்து போனார்கள், பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்தன. டாங்கி எண்ணிக்கையில் பிரான்சும் பிரிட்டனும் சேர்ந்து ஜெர்மனியைவிட முன்னால் இருந்தன. பிரான்சின் ஷார் பி1 டாங்கியின் கவசத்தை ஜெர்மன் டாங்கிகளின் குண்டுகள் பெரும்பாலும் துளைக்கவில்லை. ஆனால் அதன் மேல்கூண்டுக்குள் ஒரே ஒரு ஆள். குண்டை நிரப்புவது, குறி பார்ப்பது, சுடுவது, வண்டிக்கு வழி சொல்வது எல்லாம் அவர் ஒருவரே. பல பிரெஞ்சு டாங்கிகளில் ரேடியோவும் இல்லை. எதிரே வந்த வண்டியில் அந்த வேலைகளைப் பங்குபோட்டுக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள், பக்கத்து வண்டியோடு பேச ரேடியோ இருந்தது. வித்தியாசம் இரும்பின் கனத்தில் இல்லை.

பிரான்சின் வடகரையில் டன்கர்க் துறைமுகத்தில் சிக்கிய ஆங்கிலேயர்களை ஹிட்லர் இரக்கப்பட்டுத் தப்பவிட்டார் என்பதும் கட்டிவிட்ட கதைதான். டாங்கிகள் களைத்திருந்தன, முன்னால் இருந்தது சதுப்பு நிலம், தெற்கே இன்னும் பாதி பிரான்ஸ் பாக்கி. டாங்கிகளை நிறுத்தலாம் என்று முதலில் நினைத்தவர் ஜெர்மன் தளபதி ருண்ட்ஸ்டெட். மே 24 அன்று ஹிட்லர் அதற்கு முத்திரை குத்தினார். விளைவு, 3,38,000 பேர் கடல் கடந்து போய்விட்டார்கள்.

பனியின் மேல் பழி போடுவது

இதை நானும் பல வருஷம் சொல்லித் திரிந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1941 ஜூன் 22. சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்களும், அவர்களோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் சோவியத் எல்லையைத் தாண்டினார்கள். திட்டம் எளிமையானது: எல்லைக்குப் பக்கத்திலேயே சோவியத் ராணுவமான செம்படையைச் சுற்றி வளைத்து அழித்துவிட்டால் மிச்சம் தானாக உதிரும். அழிக்கவும் செய்தார்கள். ஆனால் உதிரவில்லை. ஆகஸ்ட் 11 அன்று ஜெர்மன் தரைப்படைத் தலைமை அதிகாரி ஹால்டர் தன் நாட்குறிப்பில் எழுதினார்: எதிரியிடம் 200 டிவிஷன் இருக்கும் என்று கணக்குப் போட்டோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம் என்று. ஆகஸ்ட் மாதம். பனியின் வாசனைகூட இல்லை.

அந்த நேரத்தில் ஸ்மோலென்ஸ்க் அருகே படை தடுமாறிக்கொண்டிருந்தது. காரணங்களில் ஒன்று தண்டவாளம். ஜெர்மன் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், சோவியத் தண்டவாளம் 1,524. வித்தியாசம் ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு பக்கத் தண்டவாளத்தைக் கழற்றி, உள்ளே நகர்த்தி, மறுபடி ஆணி அடித்தால் முடிந்தது. அதை வேகமாகவே செய்தார்கள். அதோடு தீர்ந்துவிடவில்லை என்பதுதான் விஷயம். சோவியத் ரயில் எஞ்சின்கள் பெரியவை. அவற்றுக்கு ஏற்ற மாதிரி தண்ணீர் பிடிக்கும் நிலையங்கள் தூரத் தூரமாக இருந்தன. ஜெர்மன் எஞ்சினுக்கு அவ்வளவு தூரம் தாங்காது, நடுவே புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும். அப்புறம் குளிர் வந்தபோது, வெளிப்பக்கமாகக் குழாய் வைத்துக் கட்டிய அந்த எஞ்சின்கள் உறைந்து வெடித்தன. குளிர்கால உடுப்பே வாங்கவில்லை என்று சொல்வதும் பாதி உண்மைதான். இருந்த உடுப்பு பின்னால் கிடங்குகளில் கிடந்தது. வருகிற கொஞ்ச ரயிலில் குண்டு ஏற்றுவதா, பெட்ரோல் ஏற்றுவதா, கோட்டு ஏற்றுவதா?

நவம்பர் கடைசிக்குள் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக ஜெர்மன் கணக்கு 7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டிசம்பர் 5 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியபோது அதே குளிர்தான் அவர்களுக்கும். பனி ஒரு கட்சிக்கு மட்டும் பெய்யவில்லை.

அடுத்த ஆண்டு ஸ்டாலின்கிராடிலும் இதே கதை. 1942 நவம்பர் 19, 20 தேதிகளில் செம்படை இடித்தது நகரத்துக்குள் இருந்த ஜெர்மானியர்களை அல்ல, இருபக்கமும் நின்ற ருமேனியப் படைகளை. கனமான டாங்கி எதிர்ப்பு பீரங்கிகள் அவர்களிடம் போதுமான அளவு இல்லை. வளையம் மூடியதும், உள்ளே மாட்டியவர்களுக்கு நாளுக்கு 500 டன் பொருள்களை விமானத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதாக ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். போய்ச் சேர்ந்தது சராசரியாக நூறு டன்னைச் சுற்றித்தான். குருவி தலையில் பனங்காய். கடைசியில் சுமார் 91,000 பேர் சிறைப்பட்டார்கள், அவர்களில் ஊர் திரும்பியவர்கள் 6,000 பேர்கூட இல்லை.

'பலி' என்று எழுதுவதற்கு முன்

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் பிழை இது. ஆங்கில நூல்களில் 'கேஷுவல்டி' என்று வரும் எண்ணை நாம் அப்படியே 'பலி' ஆக்கிவிடுகிறோம். ராணுவக் கணக்கில் அது செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், சில சமயம் கைதிகளும் சேர்ந்த மொத்தம். மேலே சொன்ன 7 லட்சத்தைப் 'பலி' என்று எழுதினால் ஒரே அடியில் பல லட்சம் பேரைக் கூடுதலாகக் கொன்றுவிடுவீர்கள். 'இழப்பு' என்று எழுதி, அதற்குள் என்னென்ன அடக்கம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

'படைப்பிரிவு' இன்னொரு தொல்லை. ரெஜிமெண்ட், பிரிகேட், டிவிஷன், கோர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆயிரங்களில் இருப்பதா, பத்தாயிரங்களில் இருப்பதா என்று வாசகருக்குத் தெரியாது. டிவிஷன் என்றே எழுதலாம், தமிழ் ஒன்றும் கெட்டுவிடாது. அதிலும் ஜெர்மன் டிவிஷனும் சோவியத் டிவிஷனும் ஒரே அளவு இல்லை. சோவியத் டிவிஷன் சிறியது, போர் போகப்போக இன்னும் இளைத்தது. இரண்டையும் தலைக்குத் தலை எண்ணி ஒப்பிடாதீர்கள்.

'பிரிட்டிஷ் படை' என்ற சொல்லும் அப்படித்தான். 1944இல் இம்பால், கோஹிமாவில் ஜப்பானியரை நிறுத்திய, பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் 14ஆவது ராணுவத்தில் பெரும்பான்மை இந்தியர்கள். பின்னாலேயே ஆப்பிரிக்க வீரர்கள். எதிரே வந்த ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சி, தன் ஆட்களை மூன்று வாரச் சாப்பாட்டோடு மலை ஏற வைத்தார். மிச்சத்துக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பல மாடுகள் ஆற்றிலும் மலையிலும் போயின. கோஹிமாவை முற்றுகையிட்ட டிவிஷனின் தளபதி சாட்டோ, அரிசியும் குண்டும் வராத வெறுப்பில், மேலிடத்து உத்தரவை மீறித் தன் ஆட்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சிங்கப்பூர் பீரங்கிகள்

"பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து இருந்தன, ஜப்பான் பின்பக்கமாக வந்துவிட்டது." சொல்ல நன்றாக இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பல பீரங்கிகள் வடக்கே திரும்பின, சுடவும் செய்தன. கோளாறு குண்டில். கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்த குண்டுகள்தான் அதிகம் இருந்தன. அவை ரப்பர்த் தோட்டத்து ஈர மண்ணில் ஆழமாகப் புதைந்து வெடித்தன. நடந்து வருகிற சிப்பாய்க்கு அதனால் பெரிய சேதமில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தபோது அவரிடம் சுமார் 85,000 பேர். ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் அதில் பாதிகூட இல்லை, பீரங்கிக் குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் நீர்த்தேக்கங்கள் அவர் கைக்குப் போயிருந்தன.

இரண்டு அணி என்றால் இரண்டு கிரிக்கெட் அணி அல்ல

அச்சு நாடுகள் (ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான்) கூடிப் பேசித் திட்டம் போட்டன என்று நினைக்கவே கூடாது. ஹிட்லர் சோவியத்துக்குள் போவதை ஜப்பானிடம் கலந்து முடிவு செய்யவில்லை. ஜப்பான் பெர்ல் ஹார்பரை ஜெர்மனிக்குச் சொல்லிவிட்டுத் தாக்கவில்லை. ஜப்பானும் சோவியத்தும் 1941 ஏப்ரலில் போட்ட நடுநிலை ஒப்பந்தத்தோடு 1945 ஆகஸ்ட் வரை ஒன்றையொன்று தொடாமல் இருந்தன. இதனால் அமெரிக்காவின் உதவிப் பொருள்களில் பெரும்பங்கு, சோவியத் கொடி கட்டிய கப்பல்களில், ஜப்பானின் மூக்குக்குக் கீழேயே விளாதிவொஸ்தோக் போய்ச் சேர்ந்தது.

ஜெர்மனியைத் தோற்கடித்தது மேற்கு முனையா கிழக்கு முனையா என்ற சண்டையிலும் ஜாக்கிரதை. 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கியது எல்லோருக்கும் தெரியும். அதே மாதம் 22ஆம் தேதி வாக்கில் பெலாரூசில் தொடங்கிய பாக்ராத்தியோன் தாக்குதல் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியையே துடைத்துப் போட்டது தமிழில் அதிகம் வருவதில்லை. அதற்காக "எல்லாம் சோவியத்தே செய்தது" என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். செம்படையை அவ்வளவு வேகமாக முன்னே தள்ளியதில், அமெரிக்கா கொடுத்த சுமார் 4 லட்சம் லாரி, ஜீப்புகளுக்குப் பங்கு உண்டு.

வரைபடத்தின் நிறம்

கடைசியாக ஒன்று. 1945 ஆகஸ்டில் ஜப்பான் வசம் இருந்த இடங்களுக்கு நிறம் அடித்துப் பாருங்கள். ஷாங்காய், ஹாங்காங், சிங்கப்பூர், ஜாவா, மலாயா எல்லாம் இன்னும் அதன் கையில். ஆனால் அந்த இடங்களை இணைத்த கப்பல்கள் கடலடியில் கிடந்தன. அமெரிக்கக் கடற்படையில் இரண்டு சதவீதம்கூட ஆகாத நீர்மூழ்கிக்காரர்கள் ஜப்பானின் வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் மூழ்கடித்திருந்தார்கள். சுமத்ரா எண்ணெய் சுமத்ராவிலேயே இருந்தது. இதை எந்த அம்புக்குறியும் காட்டாது.

மலாயாவை மீட்க பிரிட்டன் பெரிய தரையிறக்கம் ஒன்றுக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தது. அதற்குள் ஜப்பான் பணிந்துவிட்டது. ஆனாலும் செப்டம்பர் 9 அன்று, சுடுவதற்கு எதிரி இல்லாத மொரிப் கடற்கரையில், இந்தியச் சிப்பாய்கள் திட்டப்படியே இறங்கினார்கள். அவர்களோடு வந்த வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றன.