அம்பாசடரின் பின்பக்கம் அகல டயர்: மட்கார்டை வெட்டுவதற்கு முன் செய்கிற தவறுகள்

அகல டயருக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் டயரை வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். என்னுடையது 1984 மார்க் 4 அம்பாசடர். நாகர்கோவிலில் ரிம்மோடு இரண்டு 215 டயர் (215 மில்லிமீட்டர் அகலம்) சல்லிசாகக் கிடைத்தது. மாட்டிப் பார்த்தேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போனது. சரி, போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பேச்சிப்பாறை போய்த் திரும்பும்போது வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் இரண்டு சக்கைப்பழம். குலசேகரம் வருவதற்குள் ரப்பர் தோட்டத்து வளைவுகளில் ஒரு கருகல் வாடை. "எங்கேயோ ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகான் மருமோனே" என்றார் மாமா. வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டுப் பார்த்தால், டயரின் உள்பக்கச் சுவரில் விரல் அகலத்துக்கு வட்டமாகச் சீவியிருந்தது. மட்கார்டில் ஒரு கீறல்கூட இல்லை. டயருக்கு உள்பக்கம் இருக்கும் கமான் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) கிளிப்தான் சீவியிருந்தது.

எல்லோரும் வெளிப்பக்கத்தையே பார்க்கிறோம். இடம் இல்லாதது உள்ளே. அம்பாசடரின் பின் ஆக்சில் ஒரே கட்டை, அதைத் தாங்குவது இரண்டு கமான் கட்டு. வளைவில் திரும்பும்போது கமானைப் பாடியோடு இணைக்கும் ரப்பர் புஷ்ஷும் ஷேக்கிள் கொண்டியும் கொடுக்கிற இடைவெளியில் பாடி பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் ஆக்சில் சாய்ந்து, டயரின் தலை உள்ளே சரியும். வண்டி சமதரையில் காலியாக நிற்கும்போது எடுத்த அளவு இதற்கெல்லாம் ஒத்துவராது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்குகிற களிமண்ணில் நெல்லிக்காய் அளவு உருண்டைகள் பிடித்து, கமான் பட்டையின் பக்கத்திலும் மட்கார்டு மடிப்பிலும் சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் உள் ஆர்ச்சிலும் ஒட்டுங்கள். ஐந்து பேரை ஏற்றி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி இறக்குங்கள். இறங்கிப் பார்த்தால் எந்த உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று தெரியும். கமான் பக்கம் 20 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு.

அளவு கையில் வந்த பிறகுதான் டயர். அம்பாசடரின் ஆதி டயர் 5.90-15, அகலம் சுமார் 150 மில்லிமீட்டர், உயரம் 660-ஐ ஒட்டி. 195/65 ஆர்15 (195 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் சுவரின் உயரம், 15 அங்குல ரிம்) போட்டால் உயரம் 634-க்கு இறங்கிவிடும். வண்டி தாழும், ஸ்பீடோமீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 205/70 ஆர்15 என்றால் 668, பழைய உயரத்துக்குப் பக்கம். ஆனால் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்பதைக் களிமண்தான் சொல்ல வேண்டும். பழைய குறுகிய ரிம்மிலேயே அகல டயரை ஏற்றுவது இன்னொரு பைத்தியக்காரத்தனம். 195/65 டயருக்கே குறைந்தது ஐந்தரை அங்குல ரிம் வேண்டும். இல்லாவிட்டால் சுவர் பிதுங்கி, வளைவில் வண்டி ஆடும்.

ரிம் அகலத்தைவிட ஆஃப்செட் முக்கியம், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. 5 அங்குல ரிம்முக்குப் பதில் அதே ஆஃப்செட்டில் 7 அங்குலம் போட்டால் உள்ளே ஒரு அங்குலம், வெளியே ஒரு அங்குலம் கூடும். உள்ளே முட்டுகிறதே என்று ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் என்கிற தட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவார்கள். அந்தப் பாரம் முழுக்க பேரிங் தலையிலும் வீல் போல்ட் தலையிலும் விழும். நட்டுக்கு ஏறப் போதுமான மரை மிஞ்சாமல் ஸ்பேசர் போட்ட வண்டியில் நான் ஏற மாட்டேன்.

அப்புறம் வெட்டுகிற வேலை. ஆர்ச் ஓரத்தில் வெளித்தகரமும் உள்தகரமும் சேர்ந்து ஸ்பாட் வெல்டில் நிற்கின்றன. கிரைண்டரால் அந்த ஓரத்தைச் சீவினால் இரண்டும் பிரிந்துவிடும். திரும்ப வெல்ட் வைக்காமல் பட்டி தேய்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிற டிங்கர்கள் உண்டு. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றில் அது தாங்காது. நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. சேறு உள்ளே தங்கினால் துரு பிடிக்க இன்னும் சுலபம். வெட்டாமல் மடிப்பை உள்ளே மடக்கவே பாருங்கள். மடக்கும் இடத்தை முதலில் சூடாக்கினால் பெயிண்ட் வெடிப்பது குறையும்.

பின் ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்கை வெட்டிக் குறுக்கி, சக்கரங்களை உள்ளே இழுப்பது கடைசி வழி. ஊர் லேத்தில் ஆக்சில் ஷாஃப்டை அறுத்துப் புதிதாகப் பல் வெட்டினால், மேலே ஹார்டனிங் செய்த எஃகு போய் மென்மையான உள்பாகம்தான் பல்லாக மிஞ்சும். கொஞ்ச நாளில் முறுக்கிக்கொள்ளும். ஹவுசிங் நேர்கோட்டில் ஒட்டப்படாவிட்டால் பேரிங் தின்னும். கமான் கட்டை உள்ளே தள்ளிப் பொருத்துவது இதைவிட நல்லது, ஆனால் அதற்குச் சேசிஸ் வேலை தெரிந்த மேஸ்திரி வேண்டும்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் நிறுவனம் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மட்கார்டைத் தாண்டி டயர் நீட்டிக்கொண்டு களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு சோதனை உண்டு, யாரும் செய்வதில்லை. அம்பாசடரின் பின் மட்கார்டு சக்கரத்தின் தலையை மூடிக்கொண்டிருக்கும். அகல டயர் அந்த வாய் வழியாக வெளியே வருகிறதா என்று வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஆரல்வாய்மொழிக் காற்றில் பஞ்சராகி நின்றபோது, டயரில் மிச்சமிருந்த காற்றையும் பிடுங்கிவிட்டு, இரண்டு பேர் காலால் உதைத்துத்தான் சக்கரத்தை வெளியே எடுத்தோம். ஸ்டெப்னி பழைய குறுகல் டயர். அதனால் அது சுலபமாக உள்ளே போய்விட்டது.